மின்னஞ்சலுக்கு ஒரு துபாசி

கொண்டச்சிக் குடாவிலே முத்துச் சலாபம் நடைபெற்ற காலங்களில், இக்கரையின் வெறுமணலிற் சில நாள்களுக்குள் ஒரு பட்டினமே எழும். சலாபம் கலைந்ததும் அதுவும் கலையும். கீழக்கரைச் சோனகரும், தூத்துக்குடிப் பரதவரும், மலையாளக் கரையாரும், பலதேச வணிகரும் ஒருங்கு கூடிய அக்காட்சியை இறொபேட் பேர்சிவல் என்னும் ஆங்கிலப் படையதிகாரி 1803-இல் வெளிவந்த தமது இலங்கை நூலில் விரித்து எழுதியிருக்கின்றார். சிப்பியை ஆயிரக் கணக்கில் ஏலங் கூறும் அவ்விடத்தில், குளிகாரன் பேச்சு அதிகாரிக்கு விளங்காது. அதிகாரி பேச்சு குளிகாரனுக்கு விளங்காது. இடையில் நின்றவன் துபாசி. இருமொழியாளன் என்பதே அச்சொல்லின் பொருள். அவன் பிழையாகச் சொன்னால் ஏழைக் குளிகாரனின் பங்கு குறையும். ஆனால், சொன்னவன் இன்னான் என்பது ஊருக்குத் தெரியும். அவனை அழைத்துக் கேட்கலாம்.

இன்று நம் கைத்தொலைபேசிக்குள் ஒரு துபாசி வந்து குடியேறியிருக்கின்றது. வந்த கடிதத்தை மொழிபெயர்க்கும், சுருக்கிச் சொல்லும், மறுமொழியும் எழுதித்தரும். செயற்கை நுண்ணறிவு என்று இதற்குப் பெயரிட்டுள்ளனர். கூகிள் நிறுவனம் மின்னஞ்சலுக்குக் குறும்பதில்களைத் தானாகக் காட்டத் தொடங்கியது 2015-இல். நாம் எழுதும் வாக்கியத்தைத் தானே முடித்துக்கொடுக்கத் தொடங்கியது 2018-இல். இரண்டும் முதலில் ஆங்கிலத்துக்கே வாய்த்தன. அந்நிறுவனத்தின் மொழிபெயர்ப்புக் கருவியிலே தமிழ் 2011-இலும், சிங்களம் 2014-இலும் இடம்பெற்றன. 2022-இன் இறுதிக்குப் பின்னர் பரவிய புதிய இயந்திரங்களோ தமிழிலே பக்கம் பக்கமாக எழுதுகின்றன. இஃது உண்மையிலேயே வியத்தற்குரிய செயல். நம் பண்டிதர் சிலர் செய்வதுபோல் இதனை எள்ளி நகையாடுவது அறிவுடைமை ஆகாது.

ஆயினும், அவ்வியந்திரம் தமிழை எவ்வாறு காண்கின்றது என்பதை மாணாக்கர் அறிதல் வேண்டும். ‘கொண்டச்சி’ என்னும் சொல்லில் எழுத்து எத்தனை? கொ, ண், ட, ச், சி என ஐந்து என்பான் ஐந்தாம் வகுப்புச் சிறுவன். கணிப்பொறியோ, மெய்யின் புள்ளியையும் உயிர்மெய்யின் குறியையும் தனித்தனியே எண்ணி, ஒன்பது குறிகள் என்று கொள்ளும். ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டு இடம், ஆக 27. அதே பெயரை ஆங்கில எழுத்துகள் பத்தினால் எழுதினாற் பத்துப் பைட்டே போதும். ஆங்கிலத்தை மனத்தில் வைத்து அமைத்த இயந்திரங்கள் தமிழ்ச் சொல்லைப் பல துணுக்குகளாக நறுக்கியே படித்தன. துணுக்கின் எண்ணிக்கைக்கே கூலி என்பதனால், ஒரே செய்தியைத் தமிழில் எழுதுபவன் மிகுதியாகக் கொடுக்க நேர்ந்தது. அண்மைக்கால இயந்திரங்களில் இக்குறை தணிந்து வருகின்றது, அறவே நீங்கவில்லை.

எழுத்தைவிடப் பெரிய இடர் இலக்கணத்தில் இருக்கின்றது. தமிழும் சிங்களமும் வினைமுற்றை இறுதியில் வைக்கும் மொழிகள். வாக்கிய அமைப்பிலே அண்டை வீட்டார். அங்ஙனமிருந்தும், இயந்திர மொழிபெயர்ப்பு நெடுங்காலம் ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சென்றது. கொண்டச்சியிலிருந்து சிலாவத்துறைக்குப் போக வேண்டியவன் கொழும்பு வழியாகப் போனாற்போல! அவ்வழியில் இழப்பவை பல. ‘தலைமையாசிரியர் வந்தார்’ என்றால் வந்தவர் ஆணா பெண்ணா என்று தமிழ் சொல்லாது. ஆங்கிலமோ அடுத்த வாக்கியத்திலேயே ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்லும். இயந்திரம் ஆண் என்றே ஊகித்துக்கொண்டால், நம் ஊரின் பெண் அதிபர் கடிதத்தில் ஆணாகிவிடுவார்.

இது நகைப்போடு போகலாம். ‘நாம்’, ‘நாங்கள்’ என்னும் வேறுபாடு அவ்வாறு போகாது. முன்னிலையாரையும் உளப்படுத்துவது நாம். அவரை விலக்குவது நாங்கள். ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் இவ்விரண்டுக்கும் ஒரே சொல். ‘நாங்கள் ஒப்புக்கொண்ட எல்லை’ என்று ஊரார் அதிகாரிக்கு எழுதினால், ஊரார் தமக்குள் ஒப்புக்கொண்டது என்பது பொருள். ‘நாம் ஒப்புக்கொண்ட எல்லை’ என்றால் அதிகாரியும் அதற்கு உடன்பட்டவர் ஆகின்றார். காணி வழக்கிலே இவ்வொரு சொல்லின்மேல் வேலியே நகரும்.

சொற்களும் அப்படியே. இணையத்திலுள்ள தமிழிற் பெரும்பகுதி தமிழகத்தது. அதனையே உண்டு வளர்ந்த இயந்திரம் காணியுறுதியைப் பத்திரம் என்றும், பிரதேச செயலாளரை வட்டாட்சியர் என்றும் எழுதினால் வியப்பில்லை. தமிழகத்தார்க்கு அது சரியான தமிழ். நம் கச்சேரியிலோ பொருந்தாத தமிழ். கரைவலைக்காரர் வலை வளைக்கும் உரிமையுடைய கடற்கரைப் பகுதிக்குப் ‘பாடு’ என்று பெயர். ‘எங்கள் பாட்டைப் பிறர் பிடித்துக்கொண்டனர்’ என்று ஒரு மீனவர் எழுதினால், அவர் பாடிய பாட்டை எவரோ திருடிவிட்டார் என்று அது விளங்கிக்கொள்ளவும் கூடும். சிங்களத்தில் அம்முறையீட்டைப் படிக்கும் எழுதுவினைஞர் என்ன செய்வார்?

இவ்விடத்தில் நாம் வேறொன்றை நினைத்தல் வேண்டும். தமிழிலே கடிதம் எழுதி அரசாங்கத்திடம் மறுமொழி பெறுவது எளிதாகக் கிடைத்த வசதி அன்று. 1956-இல் சிங்களம் ஒன்றே அரசகரும மொழி எனச் சட்டமாயிற்று. தமிழிற் கற்றோர் அதிகாரிகளோடு தமிழிற் கடிதத் தொடர்பு கொள்ளலாம் என்று 1958-இன் தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் கூறிற்று. அதற்கு ஒழுங்குவிதிகள் பிறக்க 1966 வரை காத்திருந்தோம். 1987-இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. 1988-இன் பதினாறாம் திருத்தம் கடிதத் தொடர்பின் உரிமையை விரித்து வரைந்தது. இத்தனைக்குப் பின்னரும் தலைநகரத் திணைக்களங்களிலிருந்து சிங்களத்தில் மட்டும் எழுதிய கடிதம் நம் வீடுகளுக்கு வருவது புதுமையன்று. முசலிப் பற்று மக்கள் 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரோடும் வெளியேற்றப்பட்டு, புத்தளத்து முகாம்களிற் காலங்கழித்து, 2009-இற் போர் ஓய்ந்த பின்னர் மீண்டு வந்தவர்கள். காடேறிய காணிக்கும் காணாமற்போன ஆவணத்துக்கும் அவர்கள் எழுதும் கடிதங்களுக்கு அளவில்லை. அவர்களுக்கு ஒரு சொல்லின் பிழை இலக்கணப் பிழை மட்டுமன்று.

‘இயந்திரம் இருக்கின்றதே, நீங்களே மொழிபெயர்த்துக் கொள்ளுங்கள்’ என்று ஓர் அலுவலகம் சொல்லத் தொடங்கும் நாளையே நாம் அஞ்சுகின்றோம். அப்பொழுது தமிழறிந்த உத்தியோகத்தரை நியமிக்கும் கடமையும், பிழைக்குப் பொறுப்பேற்கும் கடமையும் ஒருங்கே குடிமகன் தலையில் ஏறும். அரசியலமைப்பு மறுமொழி கூறும் கடமையை அலுவலகத்தின்மேல் வைத்திருக்கின்றது. கடிதம் பெறுபவனின் தொலைபேசியின்மேல் வைக்கவில்லை. அலுவலகம் இயந்திரத்தைப் பயன்படுத்துக, வேகம் நன்றே. ஆனால், இயந்திரம் பெயர்த்தது என்ற குறிப்பும், அதனைச் சரிபார்த்த உத்தியோகத்தரின் பெயரும் கடிதத்தில் இருத்தல் வேண்டும். முரண் நேர்ந்தால் குடிமகன் எழுதிய தமிழ் மூலமே செல்லும் என்ற விதியும் வேண்டும்.

இந்நாட்டிலே இதற்குத் தக்க முயற்சி நடவாமலில்லை. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அரசாங்க ஆவணங்களையே அடிப்படையாகக் கொண்டு சிங்களத்துக்கும் தமிழுக்கும் நேரே பெயர்க்கும் ‘சி-த’ என்னும் ஏற்பாட்டை அமைத்து, 2018-இல் அதுபற்றி எழுதினர். இலங்கைத் தமிழை இலங்கை ஆவணங்களிலிருந்தே கற்பித்தமையே அதன் சிறப்பு. அத்தகைய பணிக்கு வேண்டுவன சொற்கள். அரசகரும மொழிகள் திணைக்களத்தின் சொற்றொகுதிகள் அலுவலகச் சொற்களைத் தரும். பாடும், வாடியும், சலாபமும் அவற்றோடு சேர வேண்டியவை. முசலியின் பாடசாலைகளில் உயர்தர வகுப்பு மாணாக்கர் தங்கள் வீட்டுப் பெரியோரிடம் கேட்டு, கடலுக்கும் காணிக்கும் உரிய சொற்களைப் பொருளும் எடுத்துக்காட்டு வாக்கியமும் அமைய எழுதித் தொகுக்கலாம். முதலிற் ‘பாடு’ என்னும் சொல்லுக்கு எத்தனை பொருள் கிடைக்கின்றது என்று பார்ப்போம்.