சீமையிலிருந்து திரும்பிய ரசனை

மௌனப்பட நகைச்சுவை என்றதும் சாப்ளின், கீட்டன் என்று மந்திரம்போல் ஓதும் சிற்றிதழ் அன்பர்களிடம் ஒரு கேள்வி: தீரேந்திரநாத் கங்கூலி யார்?

சாந்திநிகேதனில் பயின்றவர், ஹைதராபாத்தில் ஓவியம் கற்பித்தவர். பலவித வேடங்களில் தம்மையே புகைப்படம் எடுத்து நூலாக்கியவர். 1921இல் வெளிவந்த ‘பிலேத் பெரத்’ படத்தின் நாயகன். தலைப்பின் பொருள் ‘சீமையிலிருந்து திரும்பியவன்’. மேனாட்டு மோகத்தோடு ஊர் திரும்பிப் பெற்றோரைத் திகைக்கவைக்கும் இளைஞனைப் பகடி செய்த படம் அது. 1924இல் ‘ரஸியா பேகம்’ படத்தைத் திரையிட்டதற்காக நிஜாம் அவரை ஹைதராபாத்திலிருந்து வெளியேற்றினார். அவர் ஓயவில்லை. கல்கத்தா திரும்பி, 1929இல் பிரிட்டிஷ் டொமினியன் பிலிம்ஸைத் தொடங்கினார். 1975ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருதைப் பெற்றார், 1978இல் மறைந்தார்.

கீழ்வேளூர்க்காரனுக்கு வங்காளியின்மீது என்ன அக்கறை என்பீர்கள். நம் மெலட்டூர் பாகவத மேளாவில் கோணங்கி வந்து ஆடிய பின்னரே கதை தொடங்குகிறது. கோமாளிக்கு முதலிடம் தந்த மண் இது. நகைச்சுவையை இரவல் வாங்கவேண்டிய வறுமை நமக்கில்லை.

இந்தியாவில் எடுக்கப்பட்ட 1300க்கும் மேற்பட்ட மௌனப்படங்களில் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. அழிந்த படச்சுருளை நம்மால் மீட்க இயலாது. நடித்தவனின் பெயரையாவது எழுதிவைக்க இயலும். அதையும் செய்யாதவர்களின் ரசனையை என்னவென்பது?

சாப்ளினின் மேதைமையை எவரும் மறுக்கவில்லை. ஆனால், அவரை மட்டுமே அறிந்தவர், கங்கூலி நூறாண்டுக்கு முன்பே நடித்துக் காட்டிய அந்தச் சீமைக்காரரேதான்.