பாட்டில் ஏறினால்தான் வைத்தியமா?

போன வாரம் எதிர்வீட்டுப் பிள்ளைக்கு வயிற்றால் போனது. இரண்டு வயது. விடிந்ததிலிருந்து ஆறேழு தடவை. துணைக்கு நானும் ஆட்டோவில் ஏறிக்கொண்டேன். டாக்டர் பிள்ளையின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். நாக்கைப் பார்த்தார், கண் உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார். பயமில்லை என்று சொல்லி, ஓஆர்எஸ் என்கிற உப்பு-சர்க்கரைப் பொட்டலத்தை நீட்டினார். ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள், கூடவே 14 நாளைக்கு ஜிங்க் மருந்து, தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள் என்றார். பாட்டிக்கு முகம் சுருங்கிவிட்டது. “உப்புத் தண்ணி குடிக்கவா சார் இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தோம்? ஒரு பாட்டில் ஏத்தி விடுங்க, புள்ளை தெம்பாயிரும்.” டாக்டர் ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். பிறகு நர்ஸைக் கூப்பிட்டார்.

பிஞ்சுக் கையில் நரம்பு கிடைக்க நாலு குத்து. அந்த அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

குளுக்கோஸ் ஏற்றினால் தெம்பு வரும் என்று நம்பாத வீடு நம் ஊரில் எத்தனை? அசதியா, பாட்டில். காய்ச்சலா, பாட்டில். கல்யாண அலைச்சலா, அதற்கும் ஒரு பாட்டில். அந்த அரை லிட்டர் குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, மீதி தண்ணீர். இரண்டு இட்லியில் கிடைக்கிற சத்துதான். உப்பு ஒரு துளியும் கிடையாது. வயிற்றால் போகும்போது உடம்பு இழப்பதோ தண்ணீரும் உப்பும். பேதிக்கு வெறும் குளுக்கோஸ் ஏற்றுவது மருத்துவமே இல்லை. பிள்ளை துவண்டு, குடிக்கக்கூட முடியாமல் மயங்கிக் கிடந்தால் நரம்பு வழியே திரவம் ஏற்றித்தான் ஆக வேண்டும். அதற்கு உப்புகள் சேர்ந்த வேறு பாட்டில் இருக்கிறது. “குடுங்க பாட்டி” என்று டம்ளருக்குக் கை நீட்டுகிற பிள்ளைக்கு எதற்கு ஊசி?

சந்தேகப்படுகிறவர்கள் 1971-இல் பங்காவில் நடந்ததைக் கேளுங்கள். வங்கதேசப் போரில் எல்லை தாண்டி வந்தவர்கள் ஒரு கோடி பேர். மேற்கு வங்கத்து எல்லை ஊரான பங்காவில் காலரா. ஆஸ்பத்திரியில் படுக்கை போதாமல் ஜனம் தரையில் கிடந்தது. நரம்பில் ஏற்றும் பாட்டில்கள் தீர்ந்துபோயின. அங்கே இருந்த டாக்டர் திலீப் மஹலனாபிஸ், லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், மூன்றரை கிராம் உப்பு, இரண்டரை கிராம் சமையல் சோடா என்று கலக்கச் சொன்னார். டிரம்மில் நிரப்பி வைத்தார்கள். தாயும் தகப்பனும் அக்காவும் அண்ணனும் குவளையில் மொண்டு நோயாளிக்குப் புகட்டினார்கள். 100-க்கு 30 பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நாலு பேருக்கும் கீழே இறங்கியது. புகட்டியவர்கள் படித்த நர்ஸுகள் இல்லை. உடுத்திய துணியோடு ஓடிவந்த அகதிகள்.

இந்த உப்பு-சர்க்கரைத் தண்ணீர் மந்திரமும் இல்லை. குடலின் சுவரில் சர்க்கரையும் உப்பும் ஜோடியாக உள்ளே நுழைகின்றன. பின்னாலேயே தண்ணீர் போகிறது. காலராவிலும் அந்த வாசல் மூடுவதில்லை. மருத்துவ இதழான லான்செட் 1978-இல் இதை இருபதாம் நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும் என்றே எழுதியது. காலராவில் செத்துக்கொண்டிருந்தவர்களையே எழுப்பி உட்காரவைத்த தண்ணீர், ஆறு தடவை வெளிக்குப் போன நம் வீட்டுப் பிள்ளைக்குப் போதாதா?

டாக்டர்களை நான் விட்டுவிடப்போவதில்லை. கர்நாடகத்திலும் பீகாரிலும் 253 ஊர்களில் நடந்த ஓர் ஆய்வு 2024-இல் வந்தது. பேதி கண்ட இரண்டு வயதுப் பிள்ளைக்கு மருந்து கேட்பதுபோல் ஆட்களைத் தனியார் வைத்தியர்களிடம் அனுப்பிப் பார்த்தார்கள். ஓஆர்எஸ் எழுதாமல் போனதற்கு மிகப் பெரிய காரணம், வந்தவர் அதை விரும்பமாட்டார் என்று வைத்தியர்கள் தாங்களாக நினைத்துக்கொண்டது. குறைபாட்டில் 42 சதவீதம் அதனால்தான். சரக்கு இல்லாததும் லாப நோக்கும் அதன் பக்கத்திலேயே வரவில்லை. வாயைத் திறந்து ஓஆர்எஸ் வேண்டும் என்று கேட்டவர்களுக்கு அதிகமாக எழுதிக்கொடுத்தார்கள். நாம் கேட்பதைத்தான் கொடுக்கிறார்கள். நாம் பாட்டில் கேட்கிறோம். எதிரே இருப்பவர் ஐந்தரை வருஷம் மருத்துவம் படித்தவர். “வேண்டாம் பாட்டி” என்று இரண்டாவது முறை சொல்ல அந்தப் படிப்பு அவருக்குத் துணை நிற்க வேண்டாமா?

இன்னொரு கொடுமை கடைகளில் நடந்தது. சர்க்கரை வழியும் பழச்சாறை அட்டைப்பெட்டியில் அடைத்து, மேலே ஓஆர்எஸ் என்று அச்சடித்து மருந்துக்கடையிலேயே விற்றார்கள். பேதி கண்ட பிள்ளைக்கு அது வயிற்றுப்போக்கைக் கூட்டும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருஷம் போராடிய பிறகு, 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் போடக்கூடாது என்றது. வண்ணப் பெட்டியில் வந்தால் காசு கொடுத்து வாங்கினோம். அதே பெயரில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சும்மா கொடுத்தால் “கவர்மெண்டு பொடி” என்று முகம் சுளிக்கிறோம். காசு வாங்காத மருந்து கேட்காது என்ற இந்த எண்ணம்தான் எல்லாவற்றுக்கும் வேர். பங்காவில் ஒருவரும் ஒரு பைசா கொடுக்கவில்லை. பிழைத்தார்கள்.

மஹலனாபிஸ் 2022 அக்டோபரில் கொல்கத்தாவில் இறந்தார். இறந்த பிறகு, 2023-இல், பத்ம விபூஷண் அறிவித்தார்கள். அவர் பெயரை எதிர்வீட்டுப் பாட்டிக்குச் சொன்னேன். “யாரு அவரு?” என்றார். அவரைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் பெற்ற பிள்ளைகளில் ஒன்றை நாற்பது வருஷத்துக்கு முன்னால் பேதியில்தான் பறிகொடுத்தவர். அன்றைக்கு யாரும் அவர் கையில் பொட்டலம் கொடுக்கவில்லை.

போன வாரம் ஆஸ்பத்திரியில், பாட்டில் பாதி ஏறியிருந்தபோது பிள்ளை தண்ணீர் கேட்டது. “அதான் பாட்டில் ஏறுதுல்ல, வேணாம்” என்றார் பாட்டி. நான் கேட்கவில்லை. மேஜையிலேயே கிடந்த பொட்டலத்தை எடுத்துக் கரைத்து ஒரு ஸ்பூன் கொடுத்தேன். சப்புக்கொட்டிக் குடித்துவிட்டு மறுபடியும் வாயைத் திறந்தது. கால் மணி நேரத்தில் அரை டம்ளர் இறங்கியது. அதற்குப் பிறகு ஸ்பூனைப் பாட்டி என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.