மாண்டவர் மீண்டால் கதை மாளும்

சென்ற மாசித் திருவிழாவுக்கு நத்தம் போயிருந்தேன். என் தமையனாரின் பேரன், எட்டாம் வகுப்புப் படிக்கிறவன், என் நாவல் ஒன்றைப் படித்துவிட்டு, "அந்த அக்காவை ஏன் தாத்தா சாகடிச்சீங்க?" என்று கேட்டான். "கதை அப்படிப் போயிற்று" என்றேன். அவன் என்னைத் தேற்றுகிறவன் போல, "பரவாயில்லை தாத்தா, அடுத்த புத்தகத்திலே வேறே பிரபஞ்சத்திலேருந்து கூட்டிக்கிட்டு வந்துருங்க" என்றான்.

சிரித்துவிட்டேன். ராத்திரி படுத்த பிறகு சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண்ணைச் சாகவிட மூன்று மாதம் தயங்கியவன் நான்.

பையன் மேல் குற்றமில்லை. அவன் பார்த்து வளரும் படங்கள் அப்படி. 2017-ல் 'லோகன்' படத்தில் வுல்வரின் இறந்தான். பார்த்தவர்கள் கண் கலங்கினார்கள். 2024-ல் வேறொரு பிரபஞ்சத்து வுல்வரின், அதே நடிகரின் முகத்தோடு வந்து, டெட்பூலோடு கூட்டுச் சேர்ந்துகொண்டான். அப்படியானால் நாம் அழுதது எதற்காக? 1961-ல் அமெரிக்கச் சித்திரக்கதை ஒன்றில் ஃப்ளாஷ் என்னும் வீரன் இன்னோர் உலகத்து ஃப்ளாஷைச் சந்தித்தான். அன்று அது விருந்து. விருந்தையே மூன்று வேளையும் பரிமாறினால் வயிறு என்னத்துக்கு ஆகும்?

நான் சித்திரக்கதையைக் கண்டாலே முகம் சுளிக்கிற பண்டிதன் அல்ல. 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் புறப்பட்டபோது, இரும்புக்கை மாயாவியை வாடகைக்கு வாங்கிப் புளியமரத்தடியில் வாசித்தவன். மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடம்பு மறைந்துவிடும். இரும்புக் கை மட்டும் மறையாது. அந்த மறையாத கைதான் கதை. அதுவும் மறைந்திருந்தால் நாங்கள் பயந்திருப்போமா, பக்கத்தைத்தான் புரட்டியிருப்போமா?

மாறுவேஷமும் நமக்குப் புதிதல்ல. விராட நகரத்தில் பீமன் கரண்டி பிடித்தான். அர்ஜுனன் பிருகன்னளையாகி நாட்டியம் கற்பித்தான். அகப்பட்டால் மறுபடியும் பன்னிரண்டு வருஷம் காடு. கீசகன் சபை நடுவே திரௌபதியை உதைத்தபோதும் தருமர் தம்மை வெளிக்காட்டிக்கொள்ளவில்லை. வேஷத்துக்கு அவர்கள் கொடுத்த விலை அது. விலை இல்லாத வேஷம் வெறும் துணிமணி.

நம் சினிமாவுக்கும் இந்த ஜுரம் வந்துவிட்டது. லோகேஷ் கனகராஜின் 'கைதி' (2019) எனக்குப் பிடித்த படம். சிறையிலிருந்து வந்தவன், கண்ணால் கண்டிராத மகளைக் காணப் போகிறான். நடப்பதெல்லாம் ஒரே இரவு. 2022-ல் வந்த 'விக்ரம்' அதோடு முடிச்சுப் போட்டுக்கொண்டது. 2023-ல் 'லியோ'. தான் யார் என்பதை மனைவியிடம்கூட மறைத்து வாழ்ந்தவன் இனி எந்த முகத்தோடு அவளைப் பார்ப்பான் என்பதல்லவா நம் கவலையாக இருக்க வேண்டும்? கடைசியில் விக்ரமிடமிருந்து தொலைபேசி மணி அடித்தது, கொட்டகை அதிர்ந்தது. அந்த மனைவியை மறந்துவிட்டு, அடுத்த படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வெளியே வந்தோம். நானும்தான் பேசினேன்.

"ஜனங்கள் விரும்புகிறார்களே!" என்பார்கள். விரும்பட்டும். குழந்தை மிட்டாயை விரும்புகிறது என்பதற்காகச் சோற்றுப் பானையைக் கவிழ்த்துவிடுவார்களா? முன்பெல்லாம் கதை முடிந்ததும் மனசுக்குள் ஏதோ மிஞ்சி நிற்கும். இப்போது மிஞ்சுவது அடுத்த டிக்கெட்டின் மேல் ஆசை மட்டும்தான். வியாபாரத்துக்கு இது நல்லது, கதைக்கு நல்லதல்ல.

வீரர்கள் ஒன்றுசேர்வது தவறென்று நான் சொல்லவில்லை. திருவிழாவில் எங்கள் மாரியம்மன் கோயிலில் கழுமரம் ஏறுவார்கள். வழுக்குகிற மரம். ஒருவன் தோள்மேல் ஒருவன் ஏறுவான், சறுக்குவான், கீழே இருப்பவன் தோள் கன்றிப் போகும். கூட்டுச் சேர்வது என்றால் அப்படிச் சேர வேண்டும். மேலே ஏறியவன் விழக்கூடும் என்பதால்தான் ஊரே அண்ணாந்து பார்க்கிறது.

ஊர் திரும்பும் நாளன்று பையனைக் கூப்பிட்டு, அந்தப் பெண் எந்தப் பிரபஞ்சத்திலிருந்தும் வரமாட்டாள் என்று சொன்னேன். அவன் முகம் வாடிற்று.

"அப்போ நெசமாவே செத்துட்டாங்களா?"

"ஆமாம்" என்றேன். பஸ் வருகிற வரையில் அவன் ஒன்றும் பேசவில்லை.