கிறிஸ்துமஸ் செலவுக்குப் பணம் எங்கே?

பாளையங்கோட்டை, நாசரேத், மெஞ்ஞானபுரம் பக்கத்தில் டிசம்பர் பிறந்துவிட்டால் போதும். கிறிஸ்தவர் வீடுகளுக்குத் தனிக் களை வந்துவிடும். வாசலில் நட்சத்திரம் தொங்கும். இரவில் கீத பவனி வரும். தையல் கடைக்காரர், "இனிமேல் துணி வாங்க மாட்டேன். கை நிறைய வேலை இருக்கிறது" என்று கையை விரிப்பார்.

அதே மாதத்தில்தான் பல வீடுகளில் பீரோ திறக்கிறது. உள்ளே இருக்கும் சங்கிலி வெளியே வருகிறது. அடகுக் கடைக்குப் போகிறது.

பண்டிகை எந்தத் தேதியில் வரும் என்பது ஆண்டு முழுவதும் தெரியும். அது டிசம்பர் 25-ந் தேதி. மாறுவதே இல்லை. அப்படி இருந்தும் கடைசி நேரத்தில் ஏன் இந்த ஓட்டம்?

ஒரு குடும்பத்தை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். கணவர் எலெக்ட்ரீசியன். மாதச் சம்பளம் 22,000 ரூபாய். மனைவி வீட்டில் தையல் தைக்கிறார். அதில் 4,000 கிடைக்கிறது. ஒரு மகன், ஒரு மகள். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். வாடகை, பால், கேஸ், பள்ளிச் செலவு எல்லாம் போக மாதக் கடைசியில் மிஞ்சுவது மிகக் கொஞ்சம்.

பண்டிகைச் செலவு என்ன?

கிறிஸ்துமஸ் உடுப்பு நான்கு பேருக்கும் 6,000. புத்தாண்டுக்கு இன்னொரு உடுப்பு, 4,000. பலகாரத்துக்கு 2,000. பண்டிகை அன்று கறிச் சமையலுக்கு 1,500. கேக்குக்கு 1,000. நட்சத்திரம், விளக்குக்கு 500. கீத பவனி வருகிறவர்களுக்கு 600. கோவில் காணிக்கை 1,000. உறவினர் வீட்டுப் பிள்ளைகளுக்கு 1,400.

கூட்டினால் 18,000 ரூபாய்! ஆடம்பரம் என்று சொல்ல இதில் எதுவும் இல்லை. ஆனால் ஒரு மாதச் சம்பளத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இதிலேயே போய்விடுகிறது.

சங்கிலியின் பயணம்

கையில் பணம் இல்லை. மனைவி சங்கிலியைக் கழற்றிக் கொடுக்கிறார். அடகுக் கடையில் நூற்றுக்கு இரண்டு வட்டி. 18,000 ரூபாய்க்கு மாதம் 360. நகையைத் திருப்பப் பத்து மாதம் ஆகிறது. வட்டி மட்டும் 3,600 ரூபாய். பலகாரம், கறி இரண்டுக்கும் சேர்த்துச் செலவழித்ததே 3,500தான். இரண்டு மாதம் சங்கிலி கழுத்தில் கிடக்கும். மறுபடியும் டிசம்பர் வந்துவிடும்.

இப்போது இன்னொரு ஆபத்தும் சேர்ந்திருக்கிறது. 2025 ஜனவரி தொடக்கத்தில் ஒரு சவரன் 57 ஆயிரம் ரூபாய் அளவில் இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. தங்கம் விலை ஏறினால் அதே சங்கிலிக்கு அதிகக் கடன் கிடைக்கும். ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் புது விதிகளை வெளியிட்டது. 2026 ஏப்ரல் முதல் தேதிக்குள் அவற்றை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்றது. அதன்படி வங்கிகளும் நிதிக் கம்பெனிகளும் இரண்டரை லட்சம் ரூபாய் வரையுள்ள கடன்களுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம். முன்பு 75 சதவீதம்தான் பொது வரம்பு.

18,000 கேட்டுப் போகிறவரிடம், "இந்த நகைக்கு 50,000 வரை தரலாமே, வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் என்ன ஆகும்? வேண்டாம் என்று சொல்ல மனதில் உறுதி வேண்டும். எல்லோருக்கும் அது இருக்காது.

அந்த விதிகளில் குடும்பத்துக்கு நன்மையும் உண்டு. கடனை அடைத்தபின் ஏழு வேலை நாட்களுக்குள் நகையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கடன் கொடுத்தவர் தவறினால் ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும். ஆனால் இது வங்கிகளுக்கும் நிதிக் கம்பெனிகளுக்கும்தான். தெருமுனை அடகுக் கடைக்கு இந்த விதி பொருந்தாது.

பெந்தெகொஸ்தே சபையார் பலர் நகையே அணிவதில்லை. அந்த வீடுகளில் அடகு வைக்க ஒன்றும் இராது. அவர்கள் கைமாற்று வாங்குகிறார்கள். வழிதான் வேறு.

12,000 கட்டினால் 15,000!

"நகையும் வேண்டாம், கடனும் வேண்டாம். பண்டிகைச் சீட்டு சேரலாமே!" என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார்.

தீபாவளிச் சீட்டு போலவே கிறிஸ்துமஸ் சீட்டும் உண்டு. மாதம் 1,000 ரூபாய் வீதம் 12 மாதம் கட்ட வேண்டும். டிசம்பரில் 15,000 ரூபாய்க்கு மளிகை, பாத்திரம், வெள்ளிக் காசு எல்லாம் வீடு தேடி வரும் என்று சொல்வார்கள்.

இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்குப் போட வேண்டும். அதே 1,000 ரூபாயை மாதாமாதம் வங்கியில் 6 சதவீத வட்டிக்குப் போட்டால் 12 மாதத்தில் வட்டி சுமார் 390 ரூபாய். வங்கி 390 கொடுக்கும்போது சீட்டுக்காரர் 3,000 கொடுக்கிறாராம். எங்கே இருந்து கொடுக்கிறார்?

அவர் அந்தப் பணத்தைக் கொடும் வட்டிக்கு விட வேண்டும். இல்லாவிட்டால் புதிதாகச் சேர்கிறவர் பணத்தை எடுத்துப் பழையவருக்குக் கொடுக்க வேண்டும். முதல் வழியில் கடன் வாங்கிய ஏழைகள் அழுகிறார்கள். இரண்டாவது வழியில் ஏதோ ஒரு டிசம்பரில் கடை பூட்டிக் கிடக்கும்.

இது உண்மையான சீட்டும் அல்ல. ஏலச் சீட்டில் ஒவ்வொரு மாதமும் உறுப்பினர்களில் ஒருவர் பணம் எடுப்பார். 1982-ம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி அதைப் பதிவு செய்ய வேண்டும். சீட்டு நடத்துகிறவர் 7 சதவீதத்துக்கு மேல் கமிஷன் எடுக்கக் கூடாது. 2019-ல் செய்த திருத்தத்துக்கு முன்பு அது 5 சதவீதமாக இருந்தது. பண்டிகைச் சீட்டில் ஏலமும் இல்லை, சுற்றும் இல்லை. எல்லோர் பணமும் ஆண்டு முழுவதும் ஒரே ஒருவரிடம் கிடக்கிறது. சீட்டு என்பது பெயருக்குத்தான். வாங்குவது டெபாசிட்.

அனுமதி பெறாமல் இப்படி டெபாசிட் வாங்குவதை 2019-ம் ஆண்டு மத்திய சட்டம் தடை செய்கிறது. வாங்குகிறவருக்கு இரண்டு ஆண்டு முதல் ஏழு ஆண்டு வரை சிறை. தமிழ்நாட்டில் 1997 முதலே டெபாசிட்தாரர்களைக் காக்கும் சட்டம் இருக்கிறது. ஏமாந்தவர்கள் பொருளாதாரக் குற்றப் பிரிவு போலீசில் புகார் கொடுக்கலாம். ஆனால் சொத்தை முடக்கி, கோர்ட்டில் வழக்கு நடத்தி, பணம் கைக்கு வருவதற்குள் எத்தனை கிறிஸ்துமஸ் கடந்து போகும்!

இதில் பரிதாபத்துக்கு உரியவர் பக்கத்து வீட்டு அக்காதான். அவர் ஏமாற்றுக்காரர் அல்ல. பத்துப் பேரைச் சேர்த்துவிட்டால் ஒரு குக்கர் கிடைக்கும் என்று நம்பியவர். ஞாயிற்றுக்கிழமை ஒரே கோவிலில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பழக்கத்தில் பத்து வீட்டாரும் அவரை நம்பினார்கள். கடை பூட்டிய பிறகு அவர் வாசலில்தான் எல்லோரும் வந்து நிற்பார்கள்.

பிடி அரிசி

நெல்லைச் சீமைக் கிறிஸ்தவர் வீடுகளில் ஒரு பழைய வழக்கம் உண்டு. உலை வைக்கும் முன்பு பெண்கள் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போடுவார்கள். அது கோவிலுக்கு. ஒரு பிடி குறைந்ததால் யாரும் பசியோடு எழுந்ததில்லை. பானை மட்டும் நிறைந்துவிடும்.

சேர்ந்து சேமிப்பதும் இந்தச் சீமைக்குப் புதிதல்ல. ரேனியஸ் ஐயர் 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்தவர். அவர் காலத்தில் தர்ம சங்கம் என்று ஒன்று ஏற்பட்டது. அந்தச் சங்கத்தின் பணத்தில் நிலம் வாங்கினார்கள். புதிதாகக் கிறிஸ்தவர் ஆனவர்களை அங்கே குடியேற்றினார்கள்.

பண்டிகைப் பணத்துக்கும் பிடி அரிசிக் கணக்குப் பொருந்தும். 18,000 ரூபாயைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 1,500. சம்பளம் வந்த அன்றே இதை எடுத்து, குடும்பத்தலைவியின் பெயரில் வங்கியில் தொடர் வைப்புக் கணக்கில் போட வேண்டும். தபால் ஆபீசிலும் தொடர் வைப்பு உண்டு. அது ஐந்து ஆண்டுக் கணக்கு. பண்டிகைக்கு உதவாது. வங்கியில் ஓர் ஆண்டுக்கே போடலாம். 6 சதவீத வட்டி என்றால் முடிவில் 580 ரூபாய் அளவில் கூடுதலாக வரும். கேக் செலவில் பாதிக்கு மேல் இதிலேயே கிடைத்துவிடும். வங்கி திவாலானாலும் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை இன்சூரன்ஸ் காப்பு என்று 2020-ல் உயர்த்தப்பட்டது.

காணிக்கையைக் குறைப்பதா என்று சில வீடுகளில் சண்டை நடக்கும். பத்தில் ஒரு பங்கு கொடுக்கும் வழக்கம் உள்ள வீடுகளில் அது பெரிய சண்டை. எவ்வளவு கொடுப்பது என்பது அந்தந்த வீட்டார் மனதைப் பொறுத்தது. ஆனால் அடகுக் கடையில் வாங்கி வந்து காணிக்கைத் தட்டில் போடுகிற 1,000 ரூபாய்க்கும் மாதம் 20 ரூபாய் வட்டி உண்டு. அதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

முதல் தவணை

எல்லாம் சரி. கணக்குத் தொடங்குவது எப்போது? அடுத்த பண்டிகைக்கு முன்பு பணம் வர வேண்டுமானால் இந்த டிசம்பர் முதல் தேதியே முதல் தவணை கட்ட வேண்டும். செலவு கழுத்தை நெரிக்கிற மாதம் அது! பெரும்பாலான குடும்பங்கள் வழுக்கி விழுவது இங்கேதான். "ஜனவரியில் பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். ஜனவரியில் அடகு வட்டி நிற்கும்.

நமது உதாரணக் குடும்பத்தில் பேச்சு இப்படித்தான் நடக்கும்.

"புத்தாண்டு உடுப்பை இந்த வருஷம் விட்டுவிடலாமாங்க?" என்கிறார் மனைவி.

"பிள்ளைகள் முகம் வாடுமே! மற்றப் பிள்ளைகள் புதுசு உடுத்தி வருவார்களே!"

"கிறிஸ்துமஸ் உடுப்பு ஒரு வாரத்திலா பழசாகிவிடும்?"

கணவர் பேசவில்லை. அவருக்கும் சிறு வயதில் புத்தாண்டுச் சட்டை இல்லாத வருஷங்கள் உண்டு. அது நினைவுக்கு வந்திருக்கும். மனைவி சொல்வது நியாயம். அவர் வருத்தமும் நியாயம்.

நாலாயிரத்தை விட்டால் முதல் தவணை 1,500 போக 2,500 மிஞ்சும். நகைக்கடனும் அந்த அளவுக்குக் குறையும். முதல் ஆண்டு ஒன்றுதான் சிரமம்.

உடுப்பு எடுக்கும்போது வரியையும் கவனிக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22-ந் தேதி ஜி.எஸ்.டி. மாறியது. தைத்த உடுப்பு ஒன்று 2,500 ரூபாய் வரை இருந்தால் வரி 5 சதவீதம். அதற்கு மேல் போனால் 18 சதவீதம். 2,500 ரூபாய் சுடிதாருக்கு வரியோடு 2,625. அதைவிட நூறு ரூபாய் கூடுதலான சுடிதாருக்கு 3,068! நூறு ரூபாய்க்காக 443 ரூபாய் கொடுக்க வேண்டும். துணியாக வாங்கித் தைத்தால் துணிக்கு 5 சதவீதம்தான். கேக், பிஸ்கட்டுக்கு 18 சதவீதமாக இருந்த வரியும், நெய்க்கு 12 சதவீதமாக இருந்த வரியும் அன்று 5 சதவீதமாகக் குறைந்தன. அச்சு முறுக்கையும் முந்திரிக்கொத்தையும் வீட்டில் சுட்டால் இன்னும் குறையும். பிள்ளைகளுக்கும் வேலை கிடைக்கும்.

அந்த வீட்டில் மனைவிதான் தையல்காரர். டிசம்பர் 24-ந் தேதி மாலை வரை ஊரார் துணிதான் மிஷினில் ஓடும். 26-ந் தேதி மிஷின் சும்மா இருக்கும். பண்டிகைக்கு எடுத்த துணியில் ஒன்றேகால் மீட்டர் மிச்சம் இருக்கிறது. மகளுக்கு ஒரு சட்டைக்குக் காணும். மகனுக்கு அப்பாவின் பழைய வெள்ளைச் சட்டையைப் பிடித்துத் தைக்கலாம். 31-ந் தேதி இரவு ஆராதனைக்கு மணி அடிப்பதற்குள் பொத்தான் தைத்தாக வேண்டும். அவ்வளவுதான்.