மோட்டார் சைக்கிள் படுக்கும் மண்டபம்

வாடைக் காற்று இறங்கி மாரி தொடங்கிவிட்டால், எமது கிழக்குக் கரையோர ஊர்களில் இஷாவுக்குப் பின்னர் ஒரு காட்சியைத் தெருவுக்குத் தெரு காணலாம். வாசற்படியில் ஒரு பலகையைச் சாய்த்து வைத்து, வீட்டுக்காரர் தமது மோட்டார் சைக்கிளை உருட்டி மண்டபத்துக்குள் ஏற்றுவார். பிள்ளைகள் பின்னால் நின்று தள்ளிக் கொடுப்பார்கள். கதிரைகள் ஒதுக்கப்படும், பாய்கள் ஒரு முழம் தள்ளி விரிக்கப்படும். பிறகு கதவு, யன்னல் எல்லாம் அடைபடும்.

இதைப் பற்றித்தான் ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். மோட்டார் சைக்கிள் நிற்கும் மண்டபத்திலேயே அவரது இரண்டு சிறு பிள்ளைகளும் வயதான மாமியும் பாய் போட்டு உறங்குகிறார்களாம். இரவெல்லாம் பெற்றோல் மணம். சுப்ஹுக்கு முன் கணவர் உள்ளே வைத்தே எஞ்சினை இயக்கிச் சூடாக்குகிறாராம். வாய் திறந்தால், "களவு போனால் யார் தருவது?" என்ற கேள்வி வருகிறது. தரையில் எண்ணெய் சொட்டிய இடத்தில் தொழலாமா, இவ்விடயத்தில் கணவரோடு வாதிடுவது குற்றமா என்றெல்லாம் கேட்டிருக்கிறார்.

முதலில் கணவரின் பக்கத்தைப் பார்த்துவிடுவோம். அவர் பேசுவதிலும் நியாயம் இருக்கிறது. மீன் பெட்டி கட்டிச் செல்பவருக்கும், மேசனுக்கும், தூரத்துப் பாடசாலையில் படிப்பிக்கும் ஆசிரியருக்கும் அந்த வாகனம்தான் ரிஸ்கின் வாசல். பலருக்கு லீசிங் பணம் இன்னும் கட்டி முடியவில்லை. கடலோர உப்புக் காற்றில் ஒரு மாரி முழுக்க வெளியில் நின்றால் செயினும் போல்ட்டுகளும் துருப்பிடித்துவிடும். 2024 நவம்பர் வெள்ளம் போல ஒன்று வந்தால் கேட்கவே வேண்டாம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் ஒருவருக்குச் சொன்னதாகத் திர்மிதியில் வரும் ஹதீஸை நாம் அனைவரும் அறிவோம். பொருளைப் பாதுகாப்பது மார்க்கம் சொன்னதே. ஆனால் ஒட்டகத்தைக் கட்டச் சொன்னார்களே தவிர, பிள்ளைகளின் பாயருகே கட்டச் சொல்லவில்லை.

இனி மற்றப் பக்கம். மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு, உள்ளே ஆட்கள் இருக்கத் தீப்பற்றி எரிந்தது. செய்தி அறிந்த நபி (ஸல்) அவர்கள், நெருப்பு மனிதருக்கு எதிரி என்றும், உறங்கப் போகும்போது அதை அணைத்துவிட வேண்டும் என்றும் அறிவுறுத்தினார்கள். இது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வருகிறது. எலி விளக்குத் திரியை இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக் கூடும் என்ற காரணத்தையும் இன்னோர் அறிவிப்பு சொல்கிறது. இமாம் நவவி (ரஹ்) அவர்கள் இதற்கு விளக்கம் எழுதும்போது, தொங்கவிடப்பட்ட விளக்கினால் தீ அபாயம் இல்லையென்றால் அதை விட்டுவைப்பதில் தவறில்லை. காரணம் நீங்கினால் தடையும் நீங்கும் என்ற கருத்தைக் கூறுகிறார்கள். அப்படியானால் அதே காரணம் வேறு உருவில் வீட்டுக்குள் வந்தால் தடையும் கூடவே வரும் அல்லவா? சிறு திரி விளக்குக்கே இவ்வளவு கவனம் சொல்லப்பட்டிருக்கும்போது, பல லீற்றர் பெற்றோல் தாங்கியை என்னவென்பது!

பெற்றோலின் தன்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது தீப்பிடிப்பதற்குச் சூடாக வேண்டியதில்லை. பூச்சியத்துக்குக் கீழே 40 பாகை செல்சியஸ் அளவிலான குளிரிலேயே பற்றக்கூடிய ஆவியை விடுகிறது. அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு பாரமானது. ஆகவே மேலே எழுந்து யன்னல் வழியே போய்விடாது, தண்ணீரைப் போலத் தரையோடு தரையாகப் பரவும். எமது வீடுகளில் தரையோடு இருப்பவை எவை? பாயில் உறங்கும் பிள்ளைகள், குளிர்சாதனப் பெட்டியின் அடிப்பாகம், நுளம்புச் சுருளைப் பற்ற வைக்க உரசும் தீக்குச்சி, வெள்ளி இரவில் சுற்றிக் காட்டும் சாம்பிராணிச் சட்டி, மின்சாரம் நின்றால் ஏற்றும் குப்பி விளக்கு. 2022இல் மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில் எரிபொருள் தட்டுப்பாடும் சேர்ந்துகொள்ள, கேனிலும் போத்தலிலும் பெற்றோலைச் சேர்த்துக் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டு மெழுகுதிரி ஏற்றிய வீடுகள் இருந்தன. சில வீடுகளில் அந்தப் போத்தல் பழக்கம் இன்னும் விடவில்லை. அதை இன்றைக்கே வெளியேற்றுங்கள்.

தீயைவிட எனக்கு அதிகம் பயம் தருவது எஞ்சினை உள்ளே இயக்குவதுதான். புகையில் வரும் காபன் மொனொக்சைட் வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் பொருளோடு அது ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பலத்தோடு ஒட்டிக்கொள்கிறது. தலையிடி, தலைச்சுற்று, வாந்தி, பிறகு மயக்கம். விழித்திருப்பவர் எழுந்து வெளியே போவார். உறங்கும் குழந்தை உறக்கத்திலேயே போய்விடலாம். முன்கதவைத் திறந்து வைத்தேன் என்பது போதாது. இந்தச் சகோதரி, மாமிக்கு விடியற்காலையில் தலையிடி என்று எழுதியிருப்பதை நான் இரண்டு தடவை வாசித்தேன். அது எதனால் என்று வைத்தியரிடம்தான் கேட்க வேண்டும். கேட்கும்போது எஞ்சின் விடயத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டுக்குள் எஞ்சினை இயக்குவது நாளைக் காலையே நிறுத்தப்பட வேண்டியது. வெளியே உருட்டிச் சென்று, புகைக்குழாய் வாசலைப் பார்க்காதவாறு நிறுத்தி இயக்கட்டும்.

உள்ளே வைப்பதைத் தவிர வழியே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வந்தவுடன் ஏற்றாமல் அரை மணித்தியாலமாவது வெளியில் ஆறவிட வேண்டும். சூடான எஞ்சினிலிருந்து ஆவி அதிகம் வரும், புகைக்குழாயில் பிள்ளையின் கால் பட்டால் வெந்தும் போகும். (வெந்த இடத்தில் பற்பசையோ மையோ பூசாதீர்கள். ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள்.) பழைய மாதிரி வண்டிகளில் பெற்றோல் திறப்பை மூட மறக்கக் கூடாது. மணம் வந்தால் கசிகிறது என்று பொருள். கராஜில் காட்டிச் சரிசெய்யும்வரை அது உள்ளே வரவே கூடாது. படுக்கை வேறு அறைக்குப் போகட்டும், நடுக் கதவு சாத்தியிருக்கட்டும். நெருப்பென்றால் ஓடும் வாசலை மறித்து நிறுத்தவும் வேண்டாம்.

கணவர் வெளிநாட்டில் இருக்க, ஆறு மாதம் ஓடாமல் வீட்டுக்குள் நிற்கும் வண்டிகளும் உண்டு. அவற்றின் பெற்றோலைத் திறந்த வெளியில் வைத்து, தெரிந்த ஒருவரைக் கொண்டு இறக்கிவிடுவதே நல்லது. வெறும் தாங்கியிலும் ஆவி நிற்கும் என்பதால் மூடியைத் திறந்து வெளியிலேயே நன்றாக உலர விட்டு, துருப்பிடிக்காமல் சிறிது எண்ணெய் விட்டு மூடச் சொல்லுங்கள். பற்றரியைக் கழற்றிவிடலாம். கழற்றும்போது முதலில் எதிர் முனையைக் கழற்ற வேண்டும். படுக்கையருகே பற்றரிக்கு சார்ஜ் ஏற்றுவதும் ஆபத்தே, அதிலிருந்தும் பற்றக்கூடிய வாயு வரும். பொலித்தீனால் இறுக மூடினால் உள்ளே வியர்த்துத் துருப்பிடிக்கும், பழைய துணி போதும். எலி வயரைக் கடிக்கிறதா என்றும் இடைக்கிடை பார்க்க வேண்டும்.

தொழுகை பற்றிய கேள்வி இலேசானது. அழுக்கு வேறு, நஜீஸ் வேறு. பெற்றோலும் எஞ்சின் எண்ணெயும் நஜீஸ் அல்ல. அவை சொட்டிய தரையில் தொழுதால் தொழுகை கூடும். துடைத்துவிட்டுத் தொழுவது சிறந்தது. டயரில் வரும் தெருச் சேற்றில் நஜீஸ் இருப்பது உறுதியாகத் தெரியாதவரை சுத்தம் என்றே கொள்ளப்படும், சந்தேகம் உறுதியை நீக்காது. கண்ணால் கண்ட நஜீஸ் ஒட்டியிருந்தால் கழுவித்தான் ஏற்ற வேண்டும்.

வாதிடுவது பற்றி: பிள்ளைகளின் உயிருக்காகக் கணவரிடம் பேசுவது மாறு செய்தல் ஆகாது. வீட்டில் அவளும் பொறுப்பாளி, அந்தப் பொறுப்பைப் பற்றி அவளும் விசாரிக்கப்படுவாள். எமது பகுதியில் வீடு பெரும்பாலும் பெண்ணின் பெயரிலேயே இருக்கிறது என்பதையும் ஆண்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்! ஆனால் அவர் வேலையால் களைத்து, நனைந்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு படியேறும் நேரத்தில் வேண்டாம். சாப்பிட்ட பிறகு பேசுங்கள். வெறுமனே வெளியே வை என்றால் அவர் கேட்க மாட்டார். வளவுக்குள், குசினிப் பக்கச் சுவரோடு இரண்டு மரக்கால் நட்டு, நான்கைந்து தகரம் போட்டு ஒரு பத்தி இறக்கலாம், ஆனால் அடுப்பும் காஸ் சிலிண்டரும் இருக்கும் மூலையில் அல்ல. தரையைச் சீமெந்தால் ஒரு அடி உயர்த்தி, அதில் ஓர் இரும்பு வளையத்தைப் பதித்தால் சங்கிலியால் பூட்டலாம். மேசன் வேலை தெரிந்த மச்சான் ஒருவர் இல்லாத குடும்பம் எமது ஊர்களில் எங்கே இருக்கிறது? மழை விட்டிருக்கும் ஒரு போயா விடுமுறையைப் பார்த்து அவரை வரச் சொல்லுங்கள்.