மாதிரிப் புகைவண்டியும் கம்பியில்லா ஆணையும்

விளையாட்டுப் பொருளென்று பெரியோர் ஒதுக்கிவிடும் சிலவற்றில் சாஸ்திரத்தின் பெரும் பகுதி அடங்கியிருத்தல் உண்டு. மாதிரிப் புகைவண்டி அவற்றுள் ஒன்று. மேசைமேல் ஓடும் ஒரு சாண் எஞ்சினைக் கம்பித் தொடர்பின்றிக் கையிலிருந்தே நடத்தும் முறையைத் தானே அமைத்துக்கொள்ளும் மாணவன் மின்சார சாஸ்திரத்தையும் கணிப்பொறி வித்தையையும் ஒருங்கே பயின்றவனாவான். அதனை மூடிய பெட்டியாக விலைக்கு வாங்குவதினும், யாவருக்கும் திறந்து வைக்கப்பட்டுள்ள முறைகளைக்கொண்டு தன் கையால் அமைத்தலே அவனுக்குத் தகும் என்பது எமது துணிபு.

இவ்வண்டிகளை ஓட்டிய பழைய முறை எளிது. தண்டவாளத்தில் நேர்மின்சாரத்தைச் செலுத்துவர். அதன் அழுத்தத்தை ஏற்றினால் வண்டி விரையும், இறக்கினால் தளரும், முனைகளை மாற்றினால் பின்னோக்கி ஓடும். ஈண்டு ஆணை பெறுவது தண்டவாளமேயன்றி எஞ்சினன்று. ஆகவே ஒரே பாதையில் இரண்டு எஞ்சின்களை நிறுத்தினால் இரண்டும் சேர்ந்தே ஓடும், சேர்ந்தே நிற்கும். ஒன்றை நிறுத்தி மற்றொன்றை ஓட்டவேண்டின், பாதையைத் துண்டுதுண்டாகப் பிரித்து ஒவ்வொன்றிற்கும் தனிக் கம்பியும் தனி விசையும் பொருத்தல் வேண்டும். பலகையின் அடியில் குனிந்து பார்த்தவர் கண்டது கம்பிக் காடேயாம்.

அக்கம்பிக் காடும் வீண்போகவில்லை. அமெரிக்காவில் மாஸச்சூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து மாணவர்கள் 1946-ல் ஒரு மாதிரி ரயில் சங்கம் கண்டனர். பலகையின் கீழே தொலைபேசி ரிலேக்களைக் கோத்து வண்டிகளை நடத்திய அம்மாணவர் கூட்டத்திலிருந்தே பிற்காலத்துக் கணிப்பொறி வித்தகர் பலர் தோன்றினர். 1962-ல் எழுந்த ஸ்பேஸ்வார் என்னும் புகழ்பெற்ற கணிப்பொறி விளையாட்டு அச்சங்கத்தாரோடு தொடர்புடையது. விளையாடிக் காலங்கழிக்கின்றான் என்று மகனைக் கடிந்துகொள்ளும் தந்தையர் இதனைச் சற்றே எண்ணுவாராக.

அதே 1946-ல் லயனெல் கம்பெனியார் ரேடியோ அலைகளால் ஆணையிடும் வண்டித் தொடர் ஒன்றை விற்பனைக்குக் கொணர்ந்தனர். விலை மிகுதியாயிருந்தமையால் அது சில ஆண்டுகளில் மறைந்தது. ஜெர்மனியில் லென்ஸ் நிறுவனத்தார் வகுத்த முறையை அடிப்படையாகக் கொண்டு அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கத்தார் 1990-களில் பொது நியமம் ஒன்றை ஏற்படுத்திய பின்னரே காரியம் முற்றிலும் மாறிற்று. டி.சி.சி. என்பது அதன் பெயர்.

அதன் நுட்பம் வியக்கத்தக்கது. தண்டவாளத்தில் மின்சாரம் எப்பொழுதும் முழு அளவில் நிற்கும். ஆனால் அதன் முனைகள் இடைவிடாது மாறிக்கொண்டேயிருக்கும். ஒரு செக்கண்டை பத்து லட்சம் கூறாக்கினால் அத்தகைய 58 கூறு நேரத்தில் முனை மாறுவது 'ஒன்று'. 100 கூறளவோ அதற்கு மேலோ தாமதித்து மாறுவது 'சுழி'. இவ்விரண்டு எழுத்துக்களால் ஆகிய செய்தியை எஞ்சினுள் வைத்த சிறு சில்லு படித்துப் பார்க்கும், தன் எண்ணுக்கு வந்ததாயின் பணியும், அன்றேல் வாளாவிருக்கும். வண்டியை ஓட்டும் மின்சாரமே ஓலையையும் சுமந்து வருகின்றதென்க.

நிற்க. இதனோடு கம்பியில்லா ஆணையைச் சேர்ப்பது எங்ஙனம்? ஆர்டுவினோ மெகா என்னும் சிறு கணிப்பொறிப் பலகை, அதன்மேல் பொருந்தும் மோட்டார் பலகை, வைஃபைத் துணைப்பலகை ஆகிய இம்மூன்றையும் சேர்த்து, டி.சி.சி.-இ.எக்ஸ். என்னும் இலவச மென்பொருளை ஏற்றினால் ஆணை நிலையம் சித்தமாகும். கைபேசியில் எஞ்சின் டிரைவர் என்னும் செயலியை நிறுவி, அந்நிலையத்தின் வைஃபையோடு இணைத்தல் அடுத்த வேலை. புதிதாக வாங்கிய சில்லுக்குப் பெரும்பாலும் 3 என்பதே எண்ணாக இருக்கும்; எஞ்சின்தோறும் வேறு வேறு எண் கொடாவிடில் ஓர் ஆணைக்கு எல்லாம் எழுந்து ஓடும். அர்டுவினோவுக்கெனச் செய்யப்பட்ட மோட்டார் பலகை வழியொன்றுக்கு 2 ஆம்பியரே தாங்குமாயினும், 87-ல் ஒரு பங்காகிய எச்.ஓ. அளவு எஞ்சின்கள் சிலவற்றிற்கு அது போதும். பழைய நேர்மின்சாரக் கருவியை அதே பாதையில் ஒருக்காலும் பிணைத்தலாகாது. பிணைத்தால் நிலையம் பாழாதல் கூடும். சில்லில்லாத எஞ்சினை இப்பாதையில் நிறுத்தினால் அது முரலும், சூடேறும், மோட்டார் கெடும்.

மெய்யான கம்பியில்லா முறை இஃதன்று, எஞ்சினுள்ளேயே மின்கலத்தை வைத்துக் காற்றின் வழி ஆணையிடுவதே மெய்ம்முறை என்பாரும் உளர். தண்டவாளத்து அழுக்கினால் வண்டி இடையிடையே நின்றுபோதல் அம்முறையில் இல்லை. தோட்டத்தில் மழையிலும் மண்ணிலும் ஓடும் பெரு வண்டிகட்கு அது மிக ஏற்றது. சிறு எஞ்சினுள் மின்கலத்துக்கு இடமேது? மேசை வண்டிக்குத் தண்டவாளத்தைத் துடைத்துக் கொள்வதே எளிது.

விலைக்கு வாங்கும் பெட்டி திறந்தவுடன் வேலை செய்யுமே, வீணாக அல்லற்படுவானேன் என்று கேட்கலாம். சிறுவர்க்கும் ஓய்வு பெற்றோர்க்கும் அதுவே நன்று. கல்லூரி மாணவர்க்கு அவ்விடை பொருந்தாது. இத்துறையிலேயே நிகழ்ந்த ஒரு வழக்கைக் காட்டுவோம். கலிபோர்னியாவில் பெர்க்லியிலுள்ள பல்கலைக்கழகத்துப் பௌதிகப் பேராசிரியர் ராபர்ட் ஜேகப்ஸன் என்பார் அன்பர் பலரோடு கூடி, மாதிரி ரயில்களை நடத்தும் ஜே.எம்.ஆர்.ஐ. என்னும் மென்பொருளை ஆக்கி இலவசமாக வழங்கினார். எடுத்து ஆள்வோர் ஆக்கியோர் பெயரைக் காட்டுக, செய்த மாற்றத்தையும் குறிக்க என்பனவே அவர் விதித்தவை. வணிக நிறுவனம் ஒன்று அதன் பகுதிகளைப் பெயர் காட்டாது தன் பொருளிற் சேர்த்துக்கொண்டது. கீழ்க் கோர்ட்டு தடையுத்தரவு தர மறுத்தது. 2008 ஆகஸ்டில் மேல்முறையீட்டுக் கோர்ட்டோ, இலவசமாக வழங்கியவன் விதிக்கும் நிபந்தனையும் காப்புரிமைச் சட்டத்தின் பாதுகாப்பைப் பெறத்தக்கது என்று தீர்த்தது. 2010-ல் 1,00,000 டாலர் கொடுக்க இசைந்து எதிர்த்தரப்பார் சமாதானமாயினர். மென்பொருள் உலகம் முழுவதும் எடுத்துக்காட்டும் இத்தீர்ப்பு பிறந்தது பொம்மை ரயிலின் பொருட்டே!

அத்தகைய உழைப்பினால் திறந்து கிடக்கும் மென்பொருளைப் படித்துப் பார்க்க நமக்குக் காசு வேண்டுவதில்லை. ஒரு வரி விளங்காவிடின் அதனைத் திருத்திப் பார்த்து, வண்டி யாது செய்கின்றதென்று அறியலாம். மூடிய பெட்டி பழுதானால் அதனைச் செய்தவரைத் தேடிப் போதலன்றி வேறு வழியில்லை. அவர் கடை மூடிவிட்டால் எஞ்சினும் மேசை அலங்காரமே.

கைபேசியைக் குறித்து ஒரு குறை சொல்லுதல் வேண்டும். அதன் கண்ணாடி வழவழப்பானது. விரல் எங்கே நிற்கின்றதென்று பாராமல் தெரியாது. வேகத்தைக் குறைக்கக் குனிந்து பார்க்கும் கணத்தில் வண்டி நிலையத்தைக் கடந்து முட்டுக்கட்டையில் மோதிவிடும். திருகு பொருந்திய கைக்கருவியொன்றைச் சிறு வைஃபைப் பலகையால் செய்துகொள்வது நலம். கண் வண்டியின்மேலேயே இருக்கும். வைஃபை அறுந்துபோனால் வண்டி நிற்க வேண்டுமா, ஓடவேண்டுமா என்பதையும் முன்னரே தீர்மானித்து அதற்கேற்பக் கருவியை அமைத்தல் வேண்டும். இவற்றோடு தண்டவாளத்து மின்சாரத்தை ஒரே தட்டில் நிறுத்தும் விசையொன்றைக் கம்பியாலேயே பிணைத்து, மேசையோரத்தில் எவர் கைக்கும் எட்டுமாறு வைக்கவேண்டும்.