எஞ்சினுக்கு எதற்கு வர்ணம்?

பழைய காரின் எஞ்சின் உறுப்புகளை வீட்டு வாசலிலேயே கழற்றி, துலக்கி, வர்ணம் பூசி மீண்டும் பொருத்துகிறவர்கள் தாராபுரம் போன்ற ஊர்களிலும் உண்டு. “மூடிக்குள் கிடக்கும் இரும்புக்கு எதற்கு ஒப்பனை?” என்று அவர்களைக் கேலி பேசுவோரும் உண்டு. அக்கேலியில் முந்தி நிற்பவர்கள் படித்தவர்கள்; என்னைப் போன்ற ஆசிரியர்களும் அவர்களுள் அடக்கம். அதனாலேயே இதை எழுத நேர்ந்தது.

ஒப்பனை என்னும் குற்றச்சாட்டை முதலில் பார்ப்போம். எஞ்சினின் தலைப்பகுதியை மூடும் டேப்பட் கவரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வர்ணம் நிற்கவேண்டுமானால் பல்லாண்டு எண்ணெய்க் கசடு முற்றாக நீங்கவேண்டும். மண்ணெண்ணெய் இட்டுத் தேய்த்து, அந்தப் பசையும் போகச் சோப்பு நீரில் கழுவி, உலர்த்தி, உப்புத்தாள் கொண்டு உரசிய பின்னரே பிரைமர். இவ்வளவும் செய்யும்போதுதான் இறுகிப்போன கேஸ்கட்டும், ஓரத்து விரிசலும், மரை தேய்ந்த போல்ட்டும் கண்ணில் படுகின்றன. வெளிர்நிறம் பூசிய பரப்பில் எண்ணெய் கசிந்தால் உடனே தெரியும்; கசடு மூடிய பரப்பில் மாதக்கணக்கில் தெரியாது. வார்ப்பிரும்புக்கோ வர்ணம் துருவைத் தடுக்கும் கவசம். ஆகவே அது ஒப்பனை அன்று. உற்று நோக்கியதன் கடைசிப் படி.

இதில் அறிவுக்கு வேலையில்லை என்பாரும் உளர். எஞ்சின் பிளாக்கினுள் ஓடும் குளிர்விப்பு நீரின் வெப்பம் ஏறத்தாழ 90 பாகை செல்சியஸ். வெப்பம் தாங்கும் எனாமல் அதற்குப் போதும். புகை வெளியேறும் மேனிபோல்டு பல நூறு பாகை காய்வது. அங்கே சிலிக்கோன் கலந்த தனி வர்ணம் வேண்டும். கேஸ்கட் அமரும் பரப்பில் வர்ணம் பட்டால் கசிவு. எர்த் கம்பி பிணையும் இடத்தில் பட்டால் மின்னோட்டத்துக்குத் தடை. பிளாக்கில் பொறித்த எஞ்சின் எண்ணைத் தடித்த வர்ணம் மறைத்துவிட்டால், பதினைந்து ஆண்டு கடந்து பதிவைப் புதுப்பிக்கச் செல்லும்போது ஆய்வாளர் முன் விழிக்க நேரும். பேட்டரி இணைப்பை நீக்கிய பிறகே ஸ்பானரைத் தொடவேண்டும். பெட்ரோல் குழாயையும் பிரேக்கையும் தேர்ந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதும் இவ்வறிவின் ஒரு பகுதியே. இவற்றுள் எது சிந்தனை வேண்டாத வேலை?

கொங்கு நாட்டுக்கு இது புதிதும் அன்று. 1893-இல் கலங்கலில் பிறந்த ஜி. டி. நாயுடு, ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தவர். உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்து அத்தகைய வண்டியை வாங்கியவர், அதை அக்கு அக்காகக் கழற்றி மீண்டும் பூட்டிப் பார்த்தார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கினார். தாராபுரத்துக்குத் தெற்கே உள்ள பழனிக்கு வந்த அந்தப் பேருந்தின் பின்னே, கழற்றிப் பார்த்த அந்தக் கை இருந்தது.

இலக்கியம் கற்றோர் இதற்கு அயலார் என்று எண்ணவும் இடமில்லை. புறநானூற்றின் 87ஆம் பாட்டில் ஔவையார் அதியமானின் வலிமைக்கு உவமை தேடுகிறார். நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன், ஒரு திங்கள் முழுதும் கருதிச் செய்த ஒற்றைச் சக்கரம் அவருக்கு உவமையாகிறது. வேலையின் நுட்பம் அறியாத புலவருக்கு அவ்வுவமை வாய்த்திருக்குமா? தொல்காப்பியர் சொற்களை நான்காக வகுத்தபோது திசைச்சொல்லுக்கும் இடம் தந்தார். ஸ்பானரும் கேஸ்கட்டும் பட்டறையில் வேற்றுமை உருபு ஏற்று, வினையோடு முடிந்து, தமிழாகவே புழங்குகின்றன. நாமோ மகிழுந்து என்று சொல்லாக்கிவிட்டு, அதன் மூடியைத் திறந்து பாராமல் இருக்கிறோம்.

இதனால் மெக்கானிக்கின் பிழைப்புப் போகாதா என்ற கேள்வி நியாயமானது. துருப்பிடித்த ஒரு போல்ட்டோடு அரைநாள் போராடியவன், மெக்கானிக் கேட்கும் கூலியில் பேரம் பேசமாட்டான் என்பது என் துணிபு. உழைப்பின் விலையை அறியாதவனே அதைக் குறைத்துக் கேட்கிறான்.

என் கவலை வேறு. இன்றைய கார்களில் எஞ்சினின் மேலே பிளாஸ்டிக் மூடி; உள்ளே கணினிக் கட்டுப்பாடு. உரிமையாளனின் கை அணுகவேண்டாம் என்பதே அவ்வமைப்பின் குறிப்பு. பழுதுநீக்கும் உரிமை வேண்டி அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மக்கள் 2012-இல் வாக்களித்தனர். நம் நடுவண் அரசும் 2022-இல் அதற்கெனக் குழு அமைத்தது. சட்டம் வரட்டும்; நல்லதே. ஆனால் கழற்றிப் பார்க்கும் ஆசையே அற்றுப்போன சமுதாயத்துக்கு அந்த உரிமை எதற்குப் பயன்படும்?

நம் வகுப்புகளில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளில் பலர் பனியன் கம்பெனியிலும் தறிப்பட்டறையிலும் ஒர்க்‌ஷாப்பிலும் உழைப்போரின் மக்கள். தந்தையின் நகக்கண்ணில் படிந்த கிரீஸைக் கண்டு கூசுவதைத்தான் பட்டப்படிப்பு அவர்களுக்குக் கற்றுத் தருகிறது என்றால், அது கல்வி ஆகாது. தமிழ்த்துறைகள் தம் மாணவரைப் பட்டறைகளுக்கு அனுப்பி அங்கு வழங்கும் சொற்களைத் தொகுக்கச் செய்யலாம். சொல்லைத் தேடிப் போகிறவர்கள் வேலையையும் கண்டு வருவார்கள். அதற்கு முன், ஆசிரியர்களாகிய நாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் வண்டியின் மூடியைத் திறந்தேனும் பார்க்கலாம்.